‘பாத்துக்கிடு’ என்றார்கள் அம்மா

1. மூச்சுத்திணறல் கூடியதால் அம்மாவைத் தென்காசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.
2. பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர் கதீஜா அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார்கள். ஒரே மகன் துபாயில். துணைக்கு ஆள் இல்லை.
3. அம்மா கேட்ட ஒன்றை நான் ஜெபம் என்று நினைத்து, கண்ணை மூடி ‘ஆமென்’ சொன்னேன்.
4. மறுநாள் விடியற்காலம் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

மூன்றாவதை விட்டுவிட்டு அம்மாவின் இந்த நினைவு மலரை அச்சிட்டிருக்கலாம். அண்ணனும் அதைத்தான் சொன்னார். அப்படி விட்டால், அம்மாவைப் பற்றி நான் எழுதும் மற்றதெல்லாம் வெறும் அலங்காரமாகிவிடும்.

அம்மா பிறந்தது இலத்தூரில், வாழ்க்கைப்பட்டது தென்காசியில். அப்பா சீக்கிரமே போய்விட, குற்றாலத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்கவைத்தார்கள். சாரல் காலத்தில் வேலை முடிந்ததும் நேரே பஸ்ஸுக்குப் போகமாட்டார்கள். பேரருவியில் பெண்கள் பக்கம் நின்று, பாறை வழுக்கும் இடத்தில் வயதானவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுவார்கள். அவர்களிடம் பெயர் மட்டும் கேட்டுக்கொள்வார்கள். இரவு ஜெபத்தில் அந்தப் பெயர் வரும்: “ஏசப்பா, சங்கரம்மாளப் பாத்துக்கிடும்.” அவ்வளவுதான் அம்மாவின் ஜெபம்.

பெண்கள் ஐக்கியத்தில் இதற்குக் கேலி உண்டு. “ஏட்டி, நாங்க கண்ண மூடுமுன்ன நீ முடிச்சிருதியே, ஏசப்பாவுக்குக் கேட்டிருக்குமா?” என்று சபையில் மூத்த அக்கா ஒருவர் கேட்டாராம்.

“அவருக்குக் காது நல்லாக் கேக்கும்க்கா. நமக்குத்தான் கொஞ்சம் மந்தம்” என்றார்களாம் அம்மா.

மருத்துவமனையில் அன்று பிற்பகல் நான் அம்மாவின் மருந்து வேளைகளை மடிக்கணினியில் அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அம்மா, “கதீஜாவப் பாத்துக்கிடு” என்றார்கள். ‘பாத்துக்கிடும்’ என்றால் அது ஆண்டவருக்கு. ‘பாத்துக்கிடு’ என்றால் எனக்கு. கடைசி ‘ம்’ மூச்சுத்திணறலில் கரைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பக்தியாக ‘ஆமென்’ சொல்லிவிட்டு அட்டவணைக்குத் திரும்பினேன். மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் ‘ஆமென்’. சாயங்காலம் அம்மா முகமூடியை விலக்கினார்கள்.

“ஏட்டி, ஒங்கிட்டல்லா சொல்லுதேன். அவருகிட்ட காலையிலேயே சொல்லியாச்சு.”

எழுந்து போய்ப் பார்த்தேன். கதீஜா அக்கா மத்தியானத்திலிருந்து நனைந்த விரிப்பிலேயே கிடந்திருக்கிறார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

“கூப்புட நெனச்சப்பல்லாம் நீ கண்ண மூடி துவா கேட்டுக்கிட்டு இருந்தே. எப்படிம்மா கூப்புட?”

செவிலியரும் நானும் விரிப்பை மாற்றி முடிக்கும்வரை அம்மா எங்கள் பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், அடக்க ஆராதனை நடத்திய குருவானவர், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துக் கொடுத்த தெருக்காரர்கள், வெளியூரிலிருந்து வந்த சொந்தங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. அம்மாவைப் போலவே மகளும் என்று பலர் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படிச் சொல்ல வேண்டாம்.

கதீஜா அக்கா இப்போது கடையநல்லூரில் தம் வீட்டில் இருக்கிறார்கள். மகனுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. திங்கள் முதல் சனி வரை பக்கத்து வீட்டார் கவனிக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் போகிறேன். வலிக்காமல் அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்க எனக்கு இன்னும் வரவில்லை.