ஆறாவது பாட்டில் ஓம்

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவளை அல்ல. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. இருவருக்கும் பிரெடெரிசியாவில் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. காலையில் அவருடைய பழைய காரில்தான் போவோம். காரை விற்றவர் உள்ளே ஒரு சிடியையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அமெரிக்க ரொக் குழு ஒன்றின் ஆல்பம். அது வெளியே வராது, நிற்கவும் நிற்காது. காரைக் கிளப்பினால் முதல் பாட்டிலிருந்து தொடங்கிவிடும்.

முதல் பாட்டிலேயே பாடகன் தொண்டை கிழியக் கத்துவான். "பல்லுக்கொதி போல. ஆரும் ஒரு குளிசை குடுங்கோவன்" என்பார் அக்கா. அவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிவைப்பது எனக்குச் சம்பளமில்லாத தொழில். அந்தப் பாட்டுக்குப் பல்லுக்கொதி, பல்வலி, என்றே பெயர் நிலைத்தது. மூன்றாவது, தகரம் உருளுகிற பாட்டு. ஆறாவதுதான் அக்காவின் பாட்டு. அதில் அவன் "ஓம், ஓம்" என்று உருகி இழுப்பான்.

"பாத்தியே, வெள்ளைக்காரன் சாமி கும்பிடுறான்" என்று அக்கா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவன் சொல்வது 'ஹோம்', வீடு என்று என் மகள் எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அக்காவிடம் மூச்சுவிடவில்லை. அந்த ஓமுக்காகத்தான் மற்றப் பாட்டுகளை அவர் பொறுத்துக்கொண்டிருந்தார்.

அதோடு அதுதான் எங்கள் மணிக்கூடு. பிரெடெரிசியாவுக்குத் திரும்பும் இடத்தில் ஓம் கேட்டால் நேரத்துக்குப் போய்விடுவோம். அதற்கு முன்பே கேட்டால் அக்கா மிதிப்பார்.

நாலு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்த அக்காவை இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டு, நிரந்தரமாக்கலாம், ஆனால் இந்த மாதம் ஒருநாளும் பிந்தக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் கணவர் பிறந்தநாள் பரிசாகச் சிடியைக் குறட்டால் இழுத்தெடுத்து, முருகன் பாட்டைப் போட்டுக் கொடுத்தார். அடுத்தநாள் அக்கா உருகிக்கொண்டே ஓட்டினார். லொறிகள்கூட எங்களைக் கடந்து போயின. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஒரு நிமிடம்தான் மிச்சம்.

"முருகன் ஆரையும் அவசரப்படுத்தமாட்டார்," என்றார் அக்கா மூச்சுவாங்க. "எனக்கு அந்தக் கத்திறவன்தான் வேணும்."

பழைய சிடியை வீட்டில் எங்கும் காணவில்லை. என் மகள் நூலகத்திலிருந்து அதே குழுவின் பிந்திய ஆல்பம் ஒன்றை எடுத்துவந்தாள். ஒரே கிட்டார், ஒரே அமைதி. "இவனுக்குக் கலியாணம் முடிஞ்சுது போல," என்றார் அக்கா, "கத்திறதை விட்டிட்டான்." அன்றும் அரும்பொட்டில் தப்பினோம்.

கடைசியில் பழைய சிடி அவர்கள் வளவுச் செரி மரத்தில் அகப்பட்டது. குருவி விரட்டத் தொங்கவிட்டிருந்தார் அக்காவின் மனிசன். குருவியும் அதன்மேல் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தது. கழுவித் துடைத்துப் போட்டோம்.

மாதத்தின் கடைசி நாள். பல்லுக்கொதி வந்தது, தகரம் உருண்டது, திரும்புமிடத்தில் சரியாக ஓமும் வந்தது. வந்தது, கீறலில் சிக்கிக்கொண்டது. ஓம் ஓம் ஓம் என்று இல்லத்து வாசல்வரை அதுவேதான். வாசலில் பொறுப்பாளர் அம்மா நின்றார். ஐந்து நிமிடம் முந்தி வந்திருந்தோம். அவர் கார் ஜன்னலுக்குள் குனிந்து, நிரந்தர வேலையை எடுக்கிறீர்களா என்று டேனிஷில் கேட்டார். பதற்றத்தில் அக்காவுக்கு டேனிஷ் வாயில் வரவில்லை; ஆம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்வதுதான் வந்தது.

"ஓம்," என்றார்.

பொறுப்பாளர் முகம் மலர்ந்தது. ஹோம் என்று விழுந்திருக்கிறது அவர் காதில். உண்மைதான், இங்கே இருக்கிற முதியவர்களுக்கு இதுதான் வீடு, இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்காது என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்.

அக்காவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. "என்னவாம் மனிசி?" என்று என்னைக் கேட்டார்.

"ஓமாம், அக்கா," என்றேன்.