எழுந்து வெளியே போன உறுப்பினர்

என் அக்கா புருஷன் அன்றைக்குக் கையைத் தூக்கியிருந்தால் என் பட்டறையின் முன்பக்கம் இன்றும் நிற்கும். இத்தனை வருடமாகியும் அதை என்னால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மாமாவுக்குத் தொழில் தையல். வார்டு மக்கள் அவரை நகரசபைக்கு அனுப்பிய பிறகும் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வருகிறவன் கையோடு ஒரு பேண்ட்டையும் கொண்டுவருவான். மாமா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே அளவெடுப்பார், கேட்பார், தலையாட்டுவார். வாக்குறுதி என்று ஒன்று அந்த வாயிலிருந்து வந்ததில்லை. ஆனால் விளக்கு எரியும்.

"ஊர்க் குப்பைய அள்ள ஆள் அனுப்புறீங்க. நம்ம வீட்டுத் துணிக் குப்பைய யாரு அள்றது?" என்பாள் அக்கா.

எங்கள் தெருவின் சாக்கடையை அகலப்படுத்தும் தீர்மானம் வந்தது. அது நிறைவேறினால் என் பட்டறையில் பாதி போய்விடும். நான் பெரிய இரும்பு கேட் செய்கிறவன். கிடத்தி வைத்துப் பற்றவைக்க முன்பக்கம்தான் இடம்.

"மாமா, இத மட்டும் எப்படியாவது கவுத்துடுங்க" என்றேன்.

ஊசிகளோடு தலையாட்டினார். சரி என்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டத்தன்று பொதுமக்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் தீர்மானத்தைப் படித்ததும் மாமா எழுந்தார். "இதுல என் மச்சினன் கடை இருக்கு. நான் வாக்குப் போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். விதி அப்படித்தானாம். கைகளை எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமம். தலைவர் தன் வாக்கைத் தீர்மானத்தின் பக்கம் போட்டார். மாமா உள்ளே இருந்து எதிர்த்துக் கையைத் தூக்கியிருந்தால் அது தோற்றிருக்கும்.

வராந்தாவில் அவரைப் பிடித்தேன். "வெட்டுறது உங்களுக்குப் பழக்கந்தானே. தைக்கிறது எப்போ மாமா?"

"விதி மாப்ளே" என்றார். அவ்வளவுதான்.

அதன்பின் நான் ஜன்னல் கம்பி மட்டும்தான் செய்கிறேன். அவர் இல்லாத நேரம் பார்த்து அக்கா வீட்டுக்குப் போவேன். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய மழைக்கும்தான்.

பிறகு மாமா நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். அக்கா கூப்பிட்டதால் போனேன். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்ட உதவி அன்று கேட்டதுதான்.

"நான் கண்ண மூடினதும் உன் தெருவுக்கு என் பேர வைக்கப் போறாங்களாம். தெருக்காரங்க ஆட்சேபணை சொல்லலாம். நீ போய் வேணாம்னு சொல்லு."

"ஏன்?"

"சாக்கடை என்னிக்காவது அடைக்கும் மாப்ளே. அப்புறம் என் பேரு நாறுதும்பாங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நானா போகணும்? வேற ஆளே கிடைக்கலையா?"

"மத்தவங்க சொன்னா, அடக்கம் காட்டுறதுக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன்னு நினைப்பாங்க. உனக்கு என் மேல இருக்கிற கோவம் ஊருக்கே தெரியும். போய் நல்லா கத்திட்டு வா."