ஐம்பத்து மூன்று ஷிப்ட்

காசிமாயனிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ரூபாயில் சொல்லமாட்டார். திருப்பூரில் பனியன் தைக்கிற யாருமே சொல்லமாட்டார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; ஷிப்டுக்கு நூற்றுப்பத்து ரூபாய். காலையில் மெஷினில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை மட்டும் சாயங்காலமே சம்பளம் போட்டு அனுப்பிவிடுவார்கள். கணக்கில் அதுவும் ஒன்றரைதான். வாரத்துக்கு ஒன்பது, மாதத்துக்கு முப்பத்தாறு. அங்கே சேலை மூன்று ஷிப்ட், பல் பிடுங்க ஒரு ஷிப்ட். ஒருவர் தன் மாமனார் செத்ததில் ஐந்து ஷிப்ட் போய்விட்டதென்று கண் கலங்கினார். எதற்காகக் கலங்கினார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து 2003-இல் தனியாக வந்தவர், பனியனின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் டைலர் காசிமாயன். ராமாத்தாள் என்கிற அம்மாள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீட்டில் ஓர் அறை. அதில் எட்டுப் பேர். ஒருவர் புரண்டு படுத்தால் எட்டுப் பேரும் புரள வேண்டும். அதனால் ஓர ஆள் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் புரள்வார். சுவர் எவ்வளவு மெலிசு என்றால், பக்கத்து அறையில் வெங்காயம் நறுக்கினால் இந்த அறையில் அழுவார்கள். தண்ணீர் பதினொரு நாளைக்கு ஒரு முறை வரும். குழாய் இரண்டு முறை இருமினால் வரும், மூன்று முறை இருமினால் வராது.

இந்த ஊருக்கு மனைவி செல்லத்தாயையும் மகள் வேல்விழியையும் கூட்டி வருவதென்றால், வசதியாக வைத்துக்கொள்கிற சம்பளம் வந்த பிறகுதான் என்று காசிமாயன் முடிவுகட்டியிருந்தார். வசதி என்றால் எவ்வளவு என்பதை மனசுக்குள் வைத்திருக்கவில்லை. பனியனுக்குள் மடித்து வைக்கிற அட்டை ஒன்றை எடுத்து, இனம் இனமாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்று வருஷத்தில் எட்டு அட்டை மாறியது. சம்பளம் ஒரு படி ஏறினால் அட்டை இரண்டு படி ஏறியது.

2006 சித்திரையில் செல்லத்தாய் கெடு வைத்தாள்.

“பள்ளிக்கூடம் தெறக்கப்போகுது. புள்ளைய அங்க சேக்குறதா, இங்க சேக்குறதா? இங்க சேத்தாச்சுன்னா அஞ்சாவது முடியுற வரைக்கும் அங்குட்டு வரமாட்டேன். பாத்துக்கங்க.”

லைன் வீட்டின் கோடியில் ஒரு ரெண்டு ரூம் வீடு காலியானது. வாடகை தொள்ளாயிரம். ராமாத்தாளும் ஒரு கெடு வைத்தார்.

“வைகாசி பொறக்கறதுக்குள்ள சொல்லிப்போடு கண்ணு. அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்காரரு ஒருத்தரு வாடகைக்கு வேணும்னு தெனமும் வந்து கதவைத் தொட்டுப் பாத்துட்டுப் போறாருங்கறேன்.”

காசிமாயன் ஒன்பதாவது அட்டையை எழுதினார். மொத்தம் ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். ஷிப்டாக்கினால் மாதம் ஐம்பத்து மூன்று. அதை வாரத்துக்கும் நாளுக்கும் வகுத்து, கம்பெனி சூப்பர்வைசர் பசீர் அகமதிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

பசீர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நாளைக்குப் பதினேழரை மணி நேரம் தைக்கோணும்ங்கறீங்க.”

“ஆமாண்ணே. ஓவர்டைம் கெடைக்குமா?”

“ஓவர்டைம் கெடைக்குமுங்க. ஆனா ஊடு எதுக்குங்க மாயன்? மெஷினுக்கடியில ஒரு பாயை விரிச்சுக்குங்க. வாடகை மிச்சம்.”

காசிமாயன் கொஞ்ச நேரம் அதையும் யோசித்தார்.

சித்திரை முடிய ஆறு நாள் இருக்கையில், முடியாது என்பதை முறைப்படி தெரிவிக்க அட்டையோடு ஊருக்குப் போனார். செல்லத்தாய் எட்டாவது வரை படித்தவள். மகளின் பென்சிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வாடகை தொள்ளாயிரம். சரி. அரிசி, மளிகை ஆயிரத்தைந்நூறு. சரி. மெஸ்ஸு ஆயிரத்து எரநூறு. இது யாருக்கு?”

“எனக்குத்தேன். மூணு வேளை திங்கணும்ல.”

“நான் ஒலை வச்சு எறக்குறது யாருக்கு?”

அவள் அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். தண்ணீர், மண்ணெண்ணெய், பள்ளிக்கூடம், டீ, அவசரத்துக்குக் கைக்காசு எல்லாம் பென்சிலுக்குத் தப்பின. கடைசி இனத்தில் பென்சில் நின்றது.

“வாராவாரம் ஊருக்குப் போய்வர எரநூறு. மாசம் எண்ணூறு.”

“பஸ்ஸுக்குப் போக அறுபத்தஞ்சு, வர அறுபத்தஞ்சு. பேக்கரிப் பொட்டி எழுபது. வெறுங்கையோட வரமுடியுமா?”

“யாரைப் பாக்க வர்றீக?”

“ஒன்னையும் புள்ளையவுந்தேன்.”

“நாங்க எங்க இருப்போம்?”

காசிமாயன் அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்பது அட்டையிலும் அந்த வரியை மறக்காமல் எழுதியிருந்தார். வாடகையைவிட முக்கியமான செலவு அது.

“மூணு வருசம்,” என்றாள் செல்லத்தாய். “எங்களைக் கூட்டிட்டுப் போக முடியாததுக்குக் காரணம், எங்களைப் பாக்க வர்ற பஸ்ஸு.”

அந்த வரியையும் அடித்தாள். மீதி மூவாயிரத்து எண்ணூறு. முப்பத்தாறு ஷிப்ட் சம்பளத்தில் நூற்று அறுபது ரூபாய் மிஞ்சியது. வேல்விழி திருப்பூரில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பாத்திரக்காரர் வந்து கதவைத் தொட்டார், உள்ளேயிருந்து செல்லத்தாய் “யாரது?” என்றதும் போய்விட்டார்.

குடிவந்த முதல் சனிக்கிழமை காசிமாயன் சம்பளம் வாங்கினார். பேக்கரியில் வழக்கமான பெட்டி வாங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேல்விழி ஓடிவந்து பிரிப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவினாசிபாளையத்தில் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். வாராவாரம் பார்க்கிற முகம்.

“என்னங்க, போன வாரந்தான் குடும்பத்தையே நம்ம பஸ்ஸுல கூட்டிட்டு வந்தீங்க. யாரைப் பாக்கப் போறீங்க?”

கண்டக்டரே விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தினார். காசிமாயன் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று திருப்பூர் போகிற டவுன் பஸ் ஏறினார்.

வீட்டு வாசலில் வேல்விழி ஓடிவந்து பெட்டியைப் பிரித்தாள். சாயங்காலமே வரவேண்டியவர் இருட்டுகிற நேரத்தில் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிற அதே பெட்டியோடு நிற்பதைச் செல்லத்தாய் பார்த்தாள். அட்டையை எடுத்துக் கீழே ஒரு வரி சேர்த்தாள்.

“பொட்டி எழுபது. பஸ்ஸுக்கு எவ்வளவு?”

“எட்டு ரூவா,” என்றார் காசிமாயன்.

அதையும் எழுதிக்கொண்டாள். அடிக்கவில்லை.