மாமி வீட்டு மாமரமும் தனக்கோடியின் மெஷினும்

சேலையூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் வாசலில் லான் வைத்த வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தனக்கோடியைத் தெரியும். புல் வெட்டும் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இரும்புலியூரிலிருந்து வருவான். மோட்டார் கிடையாது, கையால் தள்ள வேண்டியதுதான். மீனம்பாக்கம் பக்கம் ஏதோ ஒரு ஏலத்தில் எடுத்தது. நன்றாகப் பேசுவான், சிரிப்பான், வீட்டுக்கு வீடு வம்பு சுமப்பான். கோபம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். அந்த மாதிரி ஆளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுந்தரராமனுக்கு அது தெரியவில்லை.

சுந்தரராமன் பாரிமுனையில் ஓர் ஆபீசில் சூப்பரிண்டெண்ட். வீட்டுக்கு முன்னால் லான், அதன் மேல் முழுக்க ஒரு பெரிய மாமரத்தின் நிழல். மனை வாங்கும்போதே நின்ற மரம் அது. அதை வெட்டக் கூடாது என்று அடம்பிடித்து, வீட்டையே பின்னால் தள்ளிக் கட்ட வைத்தவள் அவர் மனைவி அபிதகுஜாம்பாள். வருஷா வருஷம் அந்த மரத்து வடு மாங்காய் பாட்டில் பாட்டிலாகத் தெருவுக்கே போகும். தனக்கோடிக்கும் ஒரு பாட்டில் உண்டு.

எண்பத்தேழாம் வருஷக் கோடையில் அந்த வீட்டில் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் காணாமல் போனது. வேலை முடித்துக் கிளம்பிய தனக்கோடியை சுந்தரராமன் கேட்டுக்கு வெளியே, நடுத்தெருவில் நிறுத்தினார்.

"பையைக் காட்டிட்டுப் போ."

"இன்னா சார், உள்ளே புல்லுதான் கீது. ஆட்டுக்கு எடுத்துகினு போறேன்."

"கொட்டு, பாக்கலாம்."

எதிர்வீட்டு வராந்தாவில் தலைகள் முளைத்தன. தனக்கோடி கொட்டினான். புல்தான். மனுஷன் குனிந்தாவது பார்த்தாரா? செருப்புக் காலால் கிளறினார். "சரி, போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாளே சிமிழ் பூஜை அறையில், பட்டுத்துணி மடிப்புக்குள் கிடைத்தது. மாமி அவனைத் தனியே கூப்பிட்டு, "மனசுல வச்சுக்காதேப்பா" என்றாள். ஐயா வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? சூப்பரிண்டெண்ட் ஆயிற்றே!

மானம் போனது நடுத்தெருவில், சிமிழ் கிடைத்தது பூஜை அறையில். தெருவுக்கு யார் போய்ச் சொல்வது? டீக்கடை ஜெபராஜ், "இன்னா தனக்கோடி, பையைக் காட்டிட்டு உக்காரு" என்று சிரித்தான். கடையே சிரித்தது. தனக்கோடி டீ குடிக்காமலே சைக்கிளை எடுத்தான்.

"அந்த வூட்டுக்குப் போறதை வுட்டுடேன்யா, வேற வூடே இல்லியா?" என்றாள் அவன் பொண்டாட்டி அங்காளம்மாள்.

"வுட்டா, எடுத்தவன் ஓடிட்டான்னு ஆயிடும். போவேன். நாலு பேர் முன்னாடி அந்த ஆள் தன் வாயால தப்புன்னு சொல்லணும். இல்ல, அந்த வூடு அழணும்."

நிழலில் வளரும் புல் பாவப்பட்ட ஜாதி. கொஞ்சம் நீளமாக விட்டால்தான் கிடைக்கிற வெயிலைப் பிடித்துக்கொண்டு பிழைக்கும். அதனால் மரத்தடிக்கு வந்ததும் மெஷினின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, பிளேடை உயர்த்திக்கொள்வது வழக்கம். அந்த வாரத்திலிருந்து தனக்கோடி பிளேடை இறக்கினான். புல்லை மொட்டை அடிக்கிற மாதிரி ஒட்ட வெட்டினான். தலை நீட்டுகிற துளிரையும் அடுத்த முறை வந்து வழித்தான். தள்ளத் தள்ள உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

மாமி கவனித்துவிட்டாள். "என்னப்பா, இப்பல்லாம் இவ்வளவு ஒட்ட வெட்டறே?"

"சார்தான் மாமி அப்படி வெட்டச் சொன்னாரு."

புருஷன் சொன்னதென்றால் அவள் குறுக்கே பேசுகிறவள் இல்லை. அது தெரிந்துதான் அவன் சொன்னான். சுந்தரராமன் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

அடுத்த கோடைக்குள் லான் சொறி பிடித்த மாதிரி ஆனது. மகள் ரமாவுக்கு வரன் கூடியிருந்த நேரம். நிச்சயதார்த்தத்தை லானில் நாற்காலி போட்டு நடத்த வேண்டும் என்று சுந்தரராமனுக்கு ஆசை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத் தனக்கோடிக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

"ஏன் தனக்கோடி, இப்படிப் பாழாப் போச்சு?"

"மரம் சார். நிழல் கீதுல்ல, புல்லு நிக்காது."

ஐயா கொஞ்சம் நோகட்டும் என்றுதான் சொன்னான். மாமியின் மரத்தில் அவர் கை வைப்பார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த முறை வந்தபோது மரம் துண்டு துண்டாகத் தெருவில் கிடந்தது. உள்ளே மாமி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மெஷினைச் சைக்கிளிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டான்.

வெயில் விழுந்தது, ஐப்பசி மழையும் பெய்தது. தனக்கோடி புதிதாக நட்ட அருகம்புல் திமுதிமுவென்று வளர்ந்தது. பழி வாங்கப் போனவன் கையாலேயே எதிரிக்குக் காலனியிலேயே அழகான லான்! தை மாதம், நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம், சுந்தரராமன் அவனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். சம்பந்தி வீட்டார், தெருக்காரர்கள் எல்லோரும் நாற்காலிகளில் இருந்தார்கள்.

"இதெல்லாம் நம்ம தனக்கோடி கைவேலை. ஒருதரம் இவனைத் தெருவுல நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னேன். தப்பு என்னுது. இவனை மாதிரி கை சுத்தமான ஆள் கிடைக்க மாட்டான். புல் விஷயத்துல நான் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, எல்லாம் இவன் இஷ்டம்தான்."

காத்துக்கிடந்த வார்த்தை. தெருவே கேட்டது.

காபி டம்ளர்களோடு வந்த மாமி நின்றுவிட்டாள். "ஒட்ட வெட்டச் சொன்னது நீங்கதானே?" என்றாள்.

"நானா? எனக்குப் புல்லைப் பத்தி என்னடி தெரியும்?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவர் சம்பந்தியிடம் திரும்பினார்.

மாமி தனக்கோடியைப் பார்த்தாள். பிறகு அருகே வந்து, ஒரு டம்ளரை அவன் கையில் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"சிமிழை நீ எடுக்கலைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்ப்பா. என் மரத்தை எடுத்துட்டியே."

அவன் கையில் காபி ஆறியது.