அத்தையின் முகம் ஏறிய பித்தளைக் காசு

என் மீசையை நான் எடுத்தது வாழ்க்கையில் ஒரே முறைதான். அதுவும் என் அத்தைக்காக. துக்கத்துக்கு இல்லை, அவள் செத்து வெகுகாலம் ஆயிற்று. அவளைக் காசில் ஏற்றுவதற்காக எடுத்தேன்.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குத் தெற்கே, எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்காலில் போய் முட்டுகிற ஊர். நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கொஞ்சம் நிலம், ஒரு பம்புசெட், இரண்டு மாடு. கூச்ச சுபாவம் வேறு. கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்தே வந்திருக்கிறேன். என் மனைவியிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன். அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

எங்கள் தெருவில் சமுதாயக் கூடம் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் என்ன போடுவது என்று ஒரு கூட்டம் போட்டார்கள். எவர்சில்வர் கிண்ணம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக் டப்பா என்றார் இன்னொருவர். தெரு இளைஞர் மன்றத் தலைவன் எனக்கு மகன் முறை, கும்பகோணத்தில் வேலை பார்க்கிறவன். அவன் எழுந்து, "நம்ம தெருவுக்குன்னு ஒரு காசு அடிப்போம். பித்தளையில. தஞ்சாவூர்ல தட்டு செய்யறவர் ஒருத்தரைத் தெரியும், பேசிட்டேன்" என்றான்.

"அதைக் குடுத்தா டீ குடுப்பானாடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"குடுக்க மாட்டான். ஆனா நம்ம உரிமைக்கு நின்னவங்க முகம் அதுல இருக்கும்."

அவ்வளவுதான், கூடம் சூடாகிவிட்டது. நாடறிந்த தலைவர்கள் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். முன் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்தி கையை ஆட்டி நிறுத்தினாள். என் அத்தையோடு ஒரே வரிசையில் நடவு நட்டவள் அவள். "அவங்களுக்கெல்லாம் சிலை இருக்கு, தெருவுக்குப் பேரு இருக்கு, காலண்டர் இருக்கு. இந்தத் தெருவுல அடிபட்டதுங்களுக்கு என்னடா இருக்கு?"

அதனால் உள்ளூர் ஆட்கள் என்று முடிவானது. முடிவான பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது. பண்ணையில் ஓங்கிய சாட்டையை எட்டிப் பிடித்தவர் மன்றத் தலைவனின் கொள்ளுத் தாத்தா. அவரை யாரும் மறுக்கவில்லை. டீக்கடையில் நம்மவர்களுக்கென்று தனியாகத் தொங்கிய குவளையை வாய்க்காலில் எறிந்துவிட்டு, உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் டீ கேட்டவர் ஒருவர். அவரை வேண்டும் என்று ஒரு கட்சி.

"அவரு அந்த டீயைக் குடிச்சாரா?" என்று எதிர்க்கட்சி கேட்டது.

"அதுக்குள்ள அடிதடி ஆயிடுச்சு. டீ ஆறிப் போச்சு."

"குடிக்காதவருக்கு எதுக்குடா காசு?"

"கேட்டதுக்குத்தாண்டா!"

நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரரோட அத்தையை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நான் பாயில் படுத்துக்கொண்டு சொன்னதையெல்லாம் அவள் கூடத்தில் நின்று சொன்னாள். மேலத்தெரு வழியாகப் போகும்போது நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்த காலம். அத்தை மாயவரத்தில் தோல் செருப்பு வாங்கி, காலிலேயே போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தாள். புதுத் தோல், அடிக்கு அடி கறுக் கறுக்கென்று கத்தியது. "என்னடி சத்தம் அது?" என்று ஒரு வீட்டிலிருந்து அதட்டினார்கள். "செருப்புங்க. புதுசு. போகப் போக அடங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். அந்தப் போகம் முழுக்க எங்கள் வீட்டில் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அத்தையோ தினமும் நடந்தாள். செருப்பு பழகிச் சத்தம் குறைந்தால் அவளுக்குப் பொறுக்காது. தண்ணீரில் நனைத்து வெயிலில் காயவைத்து மறுபடியும் கத்த வைப்பாள். அடுத்த போகத்துக்குள் எங்கள் தெருவே செருப்போடு அங்கே நடந்தது.

கை தூக்கி ஓட்டுப் போடலாம் என்றான் மன்றத் தலைவன். "கைன்னா எல்லாரும் ரெண்டையும் தூக்குவாங்க. குலவை போடச் சொல்லு" என்றாள் பெரியம்மா. நடவு முடிந்து கரையேறும்போது பெண்கள் போடுகிற குலவை. யார் பெயருக்குச் சத்தம் நீளுகிறதோ அவர் காசில். டீக்காரருக்கு நல்ல குலவைதான். அத்தைக்குப் போட்ட குலவையில் கூடத்துப் புறாக்கள் எல்லாம் வெளியே போய்விட்டன.

ஒரு பக்கம் சாட்டையைப் பிடித்தவர், மறுபக்கம் அத்தை. சுண்டிப் போட்டால் யார் தலை, யார் பூ என்று இன்னொரு சண்டை வந்தது. அதைச் சொல்ல இங்கே இடம் போதாது.

சிக்கல் போட்டோவில் வந்தது. கொள்ளுத் தாத்தா மாநாட்டுக்குப் போன இடத்தில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு ஒரு படம்கூட இல்லை. ஒரு பையன் செல்போனில், தானே படம் வரைகிற ஏ.ஐ.யாமே, அதனிடம் விவரம் சொல்லி ஒரு படம் வரவழைத்தான். பளபளவென்று ஒரு பெண், புருவம் திருத்தி, தோளில் முடி புரள, கையில் கதிரோடு நின்றாள். பெரியம்மா அதை வாங்கிப் பார்த்தாள்.

"யாரு இந்தப் பொண்ணு? சேத்துல இறங்குவாளா?"

தஞ்சாவூர்க்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். மறுநாள் மதியத்துக்குள் பக்கவாட்டு முகம் ஒன்று வரவேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் நெற்கதிர் போட்டுவிடுவார். நெற்கதிர் எந்தக் காசில்தான் இல்லை!

அப்போதுதான் பெரியம்மா மெதுவாகத் திரும்பித் தூண் பக்கம் பார்த்தாள். "அவ மூக்கு இந்தா உக்காந்திருக்கே."

கூடம் மொத்தமும் என் மூக்கைப் பார்த்தது.

நான் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினேன்.

மறுநாள் காலை பம்புசெட் கொட்டகையில் ஒளிந்திருந்தேன். என் மனைவி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"தண்ணி பாய்ச்சறேன்."

"கரண்டே இல்லியே."

நான் மோட்டாரைத் துடைத்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏங்க, உங்க மூக்குதான் வேணும். உங்களை ஒண்ணும் பேசச் சொல்லல. இல்லேன்னா கதிரைப் போட்டுடுவாங்க. அப்புறம் அத்தைன்னு ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும்."

"எல்லாரும் பாப்பாங்கடி."

"மேலத்தெருவுல அத்தையை யாரும் பாக்கலியா?"

அத்தை ஒருநாள் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளும் கூச்சக்காரிதான், அதை யாரும் நம்பமாட்டார்கள். "காலு முன்னால நடந்துச்சுடா, வயிறு தெருமுனையிலேயே நின்னுடுச்சு" என்றாள். மீசையைத் தடவிப் பார்த்தேன். கூட்டத்தில் என்னைப் பாதியாவது மறைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"பிளேடு இருக்கா?" என்று கேட்டேன். அவள் முந்தானையில் முடிந்தே கொண்டுவந்திருந்தாள்.

கூடத்து வாசலில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடவுக்குப் போகிறவர்கள் போடுவது மாதிரி தலையில் புடவை முந்தானையைப் போட்டாள் மனைவி. சின்ன வயதில் குத்திய காதுகளில் ஒன்று தூர்ந்துபோயிருந்தது. பக்கவாட்டுப் படம்தானே, திறந்திருந்த காதில் தன் தோட்டை மாட்டினாள். மூக்குத்தியை ஒரு சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டினார்கள். "மூச்சை இழுக்காதீங்க, உள்ள போயிடும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மூக்குத்தி விழுந்தது. மறுபடி ஒட்டினார்கள். தெருவே திரண்டு நின்றது. "சித்தப்பா, சித்தியை விட நீங்க அழகு!" என்று எவனோ கத்தினான்.

பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மீசையில்லாத என் முகத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்று, தனியாளாக, ஒரு குலவை போட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த நேரத்தில் மன்றத் தலைவன் படத்தை எடுத்துவிட்டான்.

விழா அன்று காலை காசு வந்தது. பந்தல் போட்டு, வாழை கட்டி, மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். மன்றத் தலைவன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு காசை எடுத்தான், திருப்பினான், அவன் முகம் மாறியது.

"சித்தப்பா... அத்தைப் பாட்டி காதுல என்னது?"

வாங்கிப் பார்த்தேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானை, தோடு, மூக்குத்தி, எல்லாம் அச்சாக இருந்தது. காதுக்கு மேலே, முந்தானைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, நூல் சுற்றியதுகூடத் தெரிய, ஒரு பாதி பீடி.

என் பீடி. குடித்த மிச்சத்தைக் காதில் செருகுவது என் வழக்கம். மீசையை எடுத்தவன் அதை எடுக்கவில்லை. தஞ்சாவூர்க்காரர் நேர்மையான மனிதர், பார்த்ததை அப்படியே செதுக்கிவிட்டார்.

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இதை எப்படிக் குடுக்கறது? உரிமைக்கு நின்னவங்களைப் பீடியோட போட்டுக் கேலி பண்ணிட்டோம்னு பேசுவாங்க" என்றான் மன்றத் தலைவன். கிண்ணத்துக்குச் சொல்லிவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அத்தை மறுபடியும் தெருமுனையில் நிற்பது போல இருந்தது எனக்கு.

காசு கை மாறிப் பெரியம்மாவிடம் போனது. கண்ணுக்குக் கிட்டே வைத்தாள், தூர வைத்தாள், கட்டைவிரலால் தடவினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டிய பிறகும் சிரித்தாள்.

"ஏன்டா தம்பி, இது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"எது பெரியம்மா?"

"உங்கப்பன் பீடிக்கட்டுலேருந்து ஒண்ணு உருவிக் காதுல செருகி, மேல முந்தானையைப் போட்டு மூடிக்கிட்டு வருவா. நடவு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வரப்புல உக்காந்து நானும் அவளும் ஆளுக்குப் பாதி. ஊருக்கே தெரியாதுன்னுல்ல நெனச்சிருந்தோம்!"

தவில்காரர் சிரித்தார் பாருங்கள், பந்தலே சிரித்தது. மன்றத் தலைவன் காசுகளைத் தாம்பூலப் பைகளில் அள்ளிப் போட ஆரம்பித்தான். "எங்க கொள்ளுத் தாத்தாவுக்கும் ஒரு சுருட்டு வச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான்.

எங்கள் வீட்டில் அந்தக் காசு இப்போது சாமி மாடத்தில் இருக்கிறது. காலையில் என் மனைவி அதை எடுத்துச் சுண்டுவாள். சாட்டைக்காரர் விழுந்தால் அவள் காபி போடவேண்டும், அத்தை விழுந்தால் நான். பீடி கொஞ்சம் புடைப்பாக இருப்பதாலோ என்னவோ, அநேகமாக அத்தைதான் சிரித்துக்கொண்டு விழுகிறாள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன்.