மஸ்டரில் விட்டுப்போன பேர்

பிரிஸ்கில்லா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஏற்காட்டுப் பக்கத்துக் கொட்டச்சேட்டில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "ஊட்டுலயே உக்காந்து எதையோ தட்டுது" என்பது பால்காரர் ஐயாக்கண்ணுவின் கணக்கு. அவளும் விளக்கப் போனதில்லை. விளக்கினால் சிரிப்பார்கள்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. ஏஐ ஏஜென்ட் என்கிற மென்பொருள் ஆள் நமக்காக நினைவூட்டல் வைக்க, தள்ளிப்போட, முடிக்க, அழிக்க வேண்டிய கருவிகளைச் செய்கிறது. ஒவ்வொரு கருவியும் என்ன செய்யும், எப்போது அதைத் தொடக்கூடாது என்று எழுதித்தருவது பிரிஸ்கில்லா. அதை மனிதர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, ஏஜென்ட் ஓர் எழுத்து விடாமல் படிக்கும். படித்தபடியே செய்யும். தப்பாக எழுதிக்கொடுத்தால் கூச்சமே இல்லாமல் தப்பைச் செய்யும்.

அவளுடைய அம்மா சாந்தாமேரி முப்பத்தோரு வருஷம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவள். வலிப்புக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. அதைக் கையில் எடுத்துக் கொடுத்துவந்தவள் பிரிஸ்கில்லாதான். தான் எழுதிய கருவி தன் வீட்டிலேயே ஓடட்டும் என்ற பெருமையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனில் அதை ஏற்றிவைத்தாள். இனி போன் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கழுவிவிட்டாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் கூப்பிட்டது. "சாந்தாமேரி அம்மா, மாத்திரை." அவள் போட்டுக்கொண்டு, "ஆச்சுங்க" என்றாள். போனுக்கும் மரியாதை!

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் வலிப்பு வந்து விழுந்தாள். கண்டக்டரும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புருவத்தில் நாலு தையல்.

"மாத்திரை போட்டியாம்மா?"

"போன் கூப்பிடலையே கண்ணு."

"எத்தனை நாளா?"

"செவ்வாக்கிழமையில இருந்து."

"கூப்பிடலைன்னா போடாம இருந்துருவியா?"

"மஸ்டர்ல பேரு கூப்பிடலைன்னா அன்னைக்கு நமக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். பேசாம ஊட்டுக்கு வந்துருவோம். ரைட்டரைப் போயி ஏன்னு கேக்க முடியுமா?"

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எஸ்டேட் கணக்கரான ரைட்டர் பேர் கூப்பிடுகிற அந்த மஸ்டரில்தான் அவள் ஆயுசில் பாதி போயிருந்தது. இதைப் பிரிஸ்கில்லா யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்ன நடந்தது என்று தோண்டினாள். அம்மா "ஆச்சுங்க" என்றதும் ஏஜென்ட் 'முடி' என்ற கருவியை எடுத்திருக்கிறது. அந்தக் கருவி அன்றைய மாத்திரையை மட்டும் முடிக்கவில்லை, இனி வரப்போகிற அத்தனை காலைகளையும் சேர்த்து மூடிவிட்டது. அதற்கு அவள் எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி: "நினைவூட்டலை முடிந்ததாகக் குறிக்கும்." இன்ஜினியர் கொடுத்த குறிப்பை அழகாகத் திருத்திப் போட்டிருந்தாள். தினமும் வருகிற நினைவூட்டலில் ஒருதரம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

அன்றே இரண்டு வரி சேர்த்தாள். "தினமும் வரும் நினைவூட்டலை இந்தக் கருவி அடியோடு நிறுத்திவிடும், மறுநாள் வராது. இன்றைக்கு மட்டுமா, எப்போதுமேவா என்று ஆளைக் கேட்காமல் இதைத் தொடாதே." திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் அம்மாவின் நாலு தையலையும் எழுதினாள்.

புதன்கிழமை டீம் லீடர் வசந்த் கூப்பிட்டான். வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த்தொட்டி மேடு. அம்மா கட்டுப்போட்ட புருவத்தோடு பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு வரியை எடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை ரிலீஸ். படிக்கிற கஸ்டமர் நம்ம டூல்ல ஓட்டைன்னு நினைப்பாங்க."

"ஓட்டைதானுங்களே சார்."

"அடுத்த வெர்ஷன்ல சரிபண்ணிடுவோம்."

"அப்ப அடுத்த வெர்ஷன்ல வரியை எடுத்தர்றனுங்க."

"உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. ஞாபகம் இருக்கா?"

பிரிஸ்கில்லா போனைக் காதிலிருந்து இறக்கினாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அம்மா துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சொல்றான் அவன்?"

சொன்னாள். சாந்தாமேரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு நாளு வந்தேன்னு சொன்னதுக்கு வருசத்துக்கும் பேரை அடிச்சுப்போடுற ரைட்டரை நாங்க சும்மா உட்டிருப்பமா? எடுக்காத சாமி. மறுபடி எஸ்டேட்டுக்கு வேணும்னாலும் போறேன், எடுக்காத!"

பிரிஸ்கில்லா போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டுதுங்களா சார்? நான் எடுக்க மாட்டனுங்க. வேணும்னா நீங்களே எடுங்க. யாரு எடுத்தாங்கன்னு பேரோட பதிவாகும். எடுக்கறதுக்குக் காரணமும் நீங்களே எழுதோணும். எங்கம்மா தையலுக்குக் கீழயே எழுதுங்க."

வசந்த் போனை வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆனது. திறந்து பார்த்தாள். இரண்டு வரியும் இருந்தன. வசந்தின் பேர் எங்கேயும் இல்லை.

மாசக் கடைசியில் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை என்று ஒரு மெயில் வந்தது. அவளும் ஒரே வரியில் பதில் போட்டாள்: "கருவியைத் திருத்தும்வரை அந்த இரண்டு வரியில் யாரும் கைவைக்க வேண்டாம்." அழுகை வந்தது. அழுதாள். அழுதுமுடித்து வேறு கம்பெனிகளுக்கு எழுதிப்போட்டாள். என்ன செய்தாய் என்று கேட்ட இடத்தில் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் வைத்தாள்.

அன்றைக்கு ராத்திரிதான் அம்மாவின் போனில் நின்றுபோன நினைவூட்டலை மறுபடி வைத்தாள். மறுநாள் காலை ஏழு மணி. மாத்திரை அட்டையோடு பிரிஸ்கில்லா பக்கத்திலேயே நின்றாள். போன் கூப்பிட்டது. சாந்தாமேரி விழுங்கித் தண்ணீர் குடித்தாள்.

"ஆச்சுங்க."

"இன்றைக்கு மட்டுமா, எப்போதுமேவா?" என்று கேட்டது போன்.

"ஏனுங்க, நாளைக்கும் நான் உசுரோட இருக்க வேண்டாமுங்களா?" என்றாள் சாந்தாமேரி. "இன்னைக்கு மட்டுந்தானுங்க. நாளைக்கும் பேரைக் கூப்பிடுங்க."