மின்வெட்டில் படித்த சோதினை

"மிஸ், டைப் அடிக்கிற ஆக்கள் இதில கை வைக்க வேணாம்."

கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர் என்னிடம் பேசிய முதல் வசனம் இது. கை வைக்க வேண்டாம் என்றது எங்கள் சேர்வரில். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் நான் பத்திரங்கள் டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஒற்றை சேர்வர் படுத்தால் கந்தோரில் ஒரு கொம்பியூட்டரும் வேலை செய்யாது. அதைத் திருத்த இந்த மனுசன் ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் வருவார். சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அதுவும் இல்லை. பாதை சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். பாதை சரியில்லைத்தான். நாங்கள் அதே பாதையில்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தோம்.

பிறகு தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் எங்கள் கிளையில் யாராவது, சேர்வரை ஓட்டுகிற லினக்ஸின் நிர்வாகச் சோதினை பாஸ் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் சேர்வர் கொழும்புக்குப் போகும். சேர்வர் போனால் பத்திரங்களையும் அங்கேயே டைப் பண்ணுவார்கள். அப்படியென்றால் நான் வீட்டுக்கு. மனேஜர் இதை வாசித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் எடுக்கிறேன் என்றேன். துணிச்சலில் சொல்லவில்லை, கோபத்தில் சொன்னேன்.

இந்தச் சோதினையில் பேப்பரில் எழுத ஒன்றும் இல்லை. ஒரு இயந்திரத்தை முன்னால் வைத்துச் செய்ய வேண்டிய வேலைகளைத் தருவார்கள். செய்தது வேலை செய்தால் புள்ளி, செய்யாவிட்டால் ஒன்றுமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நுனிநாக்கு இங்கிலீசை வைத்து அங்கே யாரையும் ஏமாற்ற முடியாது.

அலுமாரிக்குப் பின்னால் கழித்துப் போட்ட ஒரு கொம்பியூட்டர் கிடந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் அதில்தான் பழகினேன். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கிற பெட்டியின் பற்றரி எப்போதோ செத்திருந்தது. புதுசு கேட்டு மூன்று கடிதம் எழுதினோம். பதில் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கரண்ட் நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். நான் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்து, இயந்திரத்தை வலையில் இணைத்து, எல்லாம் ஓடுது என்று நிமிரும்போது திரை கறுக்கும். கரண்ட் வந்தபின் பார்த்தால் செய்த ஒன்றும் இராது. அடித்த கட்டளை இயந்திரம் விழித்திருக்கும் வரைக்கும்தான் நிற்கும். நிலைக்க வேண்டுமென்றால் அதற்குரிய கோப்பில் எழுதி வைக்க வேண்டும். புத்தகத்தில் அது ஒரு வரியாக இருந்தது. நான் அந்த வரியைக் கவனிக்கவில்லை. முதல் மாதம் முழுக்கக் கரண்டுக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

பக்கத்து மேசையில் சுங்கப் பத்திரங்கள் பார்த்தவர் கிண்ணியாவிலிருந்து படகேறி வருகிற முஸ்லிம் மனுசன்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"புள்ள, இண்டைக்கும் கரண்ட் போகட்டும் எண்டு துஆ கேட்டுட்டுத்தான் வந்தன். உன்ட வாயால வாற கதையக் கேக்காட்டிச் சோறு இறங்குதில்ல."

"நானா, பேசாமல் தின்னுங்கோ."

பிறகு முறையை மாற்றினேன். முதலில் கோப்பில் எழுதுவது, பிறகு ஓட்டிப் பார்ப்பது. ஒருநாள், வட்டுகளை எங்கே இணைப்பது என்று சொல்லும் கோப்பில் ஒரு எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டேன். கரண்ட் போய் வந்தது. இயந்திரம் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பாஸ்வேர்ட் கேட்டபடி நின்றது. அதை எழுப்ப எனக்கு இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலை முடிந்ததும் நானே பிளக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்ப்பேன். நான் மறந்தால் நானா வந்து சொல்லாமல் கொள்ளாமல் சுவிட்சை நிற்பாட்டுவார்.

"கரண்டுக்காரன் இண்டைக்கு லீவு. அவன்ட வேலைய நான் பாக்கிறன்."

சோதினைக்குப் போகும்போது, கட்டளைகளை எழுதிப் பழகிய கொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஓடுகிற வேலையை நிறுத்தும் கட்டளைக்கு இங்கிலீசில் கொல்லு என்று பெயர். அது பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிற கொப்பியோடு அத்தனை ஆமி செக்பொயின்ற் தாண்ட எனக்கு விசரா?

கொழும்பில் குளிரூட்டிய அறை. பத்துப் பேர் இருந்தோம். எனக்கு முன் வரிசையில் அந்த எஞ்சினியர். அவரிடமும் இந்தச் சான்றிதழ் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மிஸ்ஸும் வந்திருக்கீங்களா?"

"ஓம் சேர். டைப் அடிக்க வந்தனான்."

மேற்பார்வையாளர் விதிகளை வாசித்தார். கடைசியில் எல்லா இயந்திரங்களையும் நிற்பாட்டித் திரும்பப் போடுவாராம். அதற்குப் பிறகும் வேலை செய்வதற்குத்தான் புள்ளியாம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக என் தலையில் விழுந்தது அதுதானே.

முதல் வேலை முடிந்ததும் கை தன்பாட்டில் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"மெஷின் பழுதா?"

"இல்ல."

"அப்ப ஏன் புடுங்கினீங்க?"

"நாங்கள் இப்பிடித்தான் செய்யிறது."

அவர் விதித்தாளைப் புரட்டினார். பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்று அதில் இல்லை. நான்கு தரம் பிடுங்கினேன். மூன்றாம் தரம் ஒரு சேவை தானாக எழும்பவில்லை. தொடக்கத்தில் எழும்ப வேண்டியவற்றோடு அதைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்தேன். நாலாம் தரம் எல்லாம் எழும்பியது.

நேரம் முடிந்தது. இயந்திரங்களை நிற்பாட்டிப் போட்டார்கள். என்னுடையது சும்மா வந்து நின்றது. எஞ்சினியருடையது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பாஸ்வேர்ட் கேட்டது. அந்தத் திரையை நான் நன்றாக அறிவேன். அவர் திருத்தக் கீபோர்டுக்குக் கையை நீட்டினார். இனித் தொட ஏலாது என்றார்கள். பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

பாஸ் என்று செய்தி வந்ததும் மனேஜர் அதைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். சேர்வர் திருகோணமலையிலேயே நின்றது, பொறுப்பு என் கையில். அடுத்த கிழமை எஞ்சினியர் போன் எடுத்தார்.

"மிஸ், என்ன புத்தகம் படிச்சீங்க?"

வாயைத் திறந்தேன், கரண்ட் போய்விட்டது. இந்தப் பக்கம் ஃபான் நின்றது, அந்தப் பக்கம் சேர்வரின் இரைச்சல் அடங்கியது.

"புள்ள, சத்தியமா நான் இல்ல," என்றார் நானா.

"கொஞ்சம் பொறுங்கோ, சேர்," என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். கரண்ட் வந்தது. சேர்வர் தன்பாட்டில் இரைந்து எழும்பியது, ஒவ்வொரு விளக்காகப் பச்சைக்கு மாறியது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.